ஒரே முட்டி, இரண்டு ரிப்போர்ட்

லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் எங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். ஊசி எப்படிப் போடுவது, எந்த ரத்தம் எந்தக் குழாயில் என்பதையெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதை நான் தொடப்போவதில்லை. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு தப்பான ரிப்போர்ட்டைப் பற்றி எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு தப்புதானா என்று கேட்காதீர்கள். நானே கண்டுபிடித்தவை சில உண்டு. கண்டுபிடிக்காமல் போனவை எத்தனை என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

இயல்பிலேயே எனக்குச் சந்தேகப் புத்தி. கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தவள் நான். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். லேப் வேலைக்கு இந்தப் புத்தி நல்லதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லதுதான். ஆனால் எதன்மேல் சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

கள்ளக்குறிச்சியில் நான் கடைசியாக வேலை பார்த்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். கீழே புறநோயாளிகள், மாடியில் இருபது படுக்கை, மாடிப்படிக்குக் கீழே லேப். எலும்பு டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கெட்டிக்காரர், வேகமானவர். ஒரு ரிப்போர்ட் பத்து நிமிஷம் தாமதமானால் லேப் வாசலில் வந்து நிற்பார். அவர் நின்றால் நான் அவசரப்பட ஆரம்பிப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் காசியம்மா. நாற்பது வயது. வெள்ளிமலை தாண்டிப் போய் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அவள் ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். புருஷன் அண்ணாமலை கூட வந்திருந்தான். காசியம்மாவுக்கு முடக்குவாதம். இரண்டு வருஷமாக எங்கள் டாக்டரிடம்தான் வைத்தியம். அவள் விரல்களைப் பார்த்தாலே தெரியும். எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. இந்தத் தடவை வலது முட்டி மட்டும் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

முடக்குவாதத்தில் நடப்பது இன்னதென்று உங்கள் புத்தகத்தில் நாலு பக்கம் இருக்கும். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். கிருமி வந்தால் எதிர்த்து நிற்பதுதான் வெள்ளை அணுக்களின் வேலை. இந்த நோயில் கிருமியே இல்லாத மூட்டுக்குள் அவை கூட்டமாகப் புகுந்துவிடும். கிருமியைக் கொல்ல வைத்திருக்கிற சாமான்களை எல்லாம் அங்கே கொட்டும். மூட்டின் உள்சவ்வு வீங்கும், நீர் கோக்கும், நாளாக ஆகக் குருத்தெலும்பு அரிக்கும். வெளி ஆள் யாரும் காரணமில்லை, நம் சொந்த அணுக்கள்தான். வாரத்துக்கு ஒரு தடவை போடச் சொல்லி டாக்டர் கொடுக்கிற மாத்திரை இந்த அணுக்களைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். அடக்கி வைத்தால் நிஜமான கிருமி வரும்போதும் அவை கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறக்காதீர்கள்.

டாக்டர் ஊசி வைத்து முட்டியிலிருந்து நீரை எடுத்துவிட்டார். அதை லேபுக்கு அனுப்பினார். கூடவே ரத்தமும் பார்க்கச் சொல்லியிருந்தார். ரத்தம் எடுக்க நான்தான் போனேன்.

காசியம்மா கையை நீட்டவில்லை.

"இன்னா பண்ணுவீங்க இத?" என்றாள்.

"பரிசோதனை பண்ணுவோம்மா. வெள்ளை அணு எவ்ளோ இருக்குதுன்னு பாப்போம்."

"முட்டியில இருந்து ஒரு ஊசி முழுக்க எடுத்தாங்களே. அது போதாதா? மீதிய இன்னா பண்றீங்க?"

"மீதின்னு ஒண்ணும் இருக்காது. வேலை முடிஞ்சதும் கொட்டிடுவோம்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகுதான் கை வந்தது. எடுத்த ரத்தத்தை விற்கிறார்கள் என்று மலையில் ஒரு பேச்சு உண்டு. பல வருஷமாக எனக்குத் தெரியும். அதனால் அவள் கேட்டது எனக்குக் கோபம் தரவில்லை. கோபம் வேறொன்றால் வந்தது.

கையில் கட்டிய ரப்பரை அவிழ்க்கும்போது அவள் முட்டியைப் பார்த்தேன். டாக்டர் குத்திய இடம் வெளிப்பக்கம். அங்கே பிளாஸ்டர் இருந்தது. உள்பக்கத்தில் இன்னொரு சின்ன புள்ளி, கறுத்துப் பொருக்கு தட்டியிருந்தது.

"இது இன்னாம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணாமலை சொன்னான். "முள்ளு குத்திக்கிச்சிங்க. கொல்லியில, சாமை அறுக்கறப்ப."

அவள் சேலையை முட்டிக்கு மேல் இழுத்து மூடினாள். இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே பட்டது. மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் விட்டிருப்பார்கள், நாட்டு மருந்து எதையாவது தின்றிருப்பார்கள், கேட்டால் முள் என்பார்கள். அந்தக் கோபத்தோடு லேபுக்குத் திரும்பினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கையில் இருக்கும் குழாயைப் பற்றி நினைக்க வேண்டிய நேரத்தில் நான் அந்த மனுஷர்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரத்தத்தை மெஷின் பார்த்துச் சொல்லிவிட்டது. வெள்ளை அணுக்கள் சரியான அளவு. முட்டி நீரை மெஷினில் போட முடியாது. கொழகொழவென்று இருப்பதால் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். கையால் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அது அபூர்வமாகத்தான் வரும். என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு டெக்னீஷியன் அன்றைக்கு லீவு. வெளியே எட்டுப் பேர் ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் இரண்டு தடவை வாசல் வரை வந்து போய்விட்டார்.

வெள்ளை அணு எண்ணுவதற்கு என்று அலமாரியில் ஒரு புட்டி உண்டு. ஊதா நிறத் திரவம், அதில் அசிட்டிக் அமிலம் கலந்திருக்கும். சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு வெள்ளை அணுக்களை மட்டும் காட்டும். ரத்தத்துக்கு அதுதான் முறை. முட்டி நீருக்கும் அதையே எடுத்துக் கலந்தேன். கண்ணாடியில் விட்டேன். அங்கங்கே நூல் நூலாக ஏதோ கிடந்தது. தூசு என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பொய். பார்த்தேன், தாண்டிப் போய்விட்டேன். தனித்தனியாகத் தெரிந்த அணுக்களை எண்ணினேன். மூவாயிரத்து இருநூறு வந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "நெனச்சேன். கிருமின்னா அரை லட்சமாவது இருக்கும். வெறும் முடக்குவாதம்தான் ஏறியிருக்கு. மாத்திரைய விட்டிருப்பாங்க" என்று நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் நினைத்ததையே அவரும் நினைத்தார். இரண்டு பேர் ஒரே மாதிரி நினைத்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி வரும்போது ஜாக்கிரதையாக இருங்கள்.

முட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதாக முடிவானது. இரண்டரை மணிக்கு மலைக்குப் பஸ். அதை விட்டால் அன்றைக்கு அவர்கள் ஊர் போய்ச் சேர முடியாது. இரண்டு மணிக்கு ஊசி, உடனே பஸ் என்று பேச்சு.

ஒன்றே கால் இருக்கும். கண்ணாடியைக் கழுவினேன். கழுவிய பிறகும் ஒரு நூல் போகவில்லை. விரலால் தேய்த்தேன், பசை மாதிரி இழுத்தது. தூசு இப்படி இழுக்காதே என்று நினைத்தபடி சாப்பாட்டு டப்பாவை எடுக்க வெளியே வந்தேன். மாடிப்படி ஓரத்து பெஞ்சில் காசியம்மா காலை நீட்டி உட்கார்ந்து நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை வுட்டுட்டியான்னு டாக்டரு கத்துறாரு. நான் எங்க வுட்டேன்? திங்கக்கெழம ஆனா போட்டுக்கினுதான் வர்றேன். பாரு, கை மடக்க வருது. எடது முட்டியும் நல்லாதான் கீது. காலையில வெறைக்கும், வெயிலு ஏறுனா வுட்டுடும். இந்த ஒரு முட்டிதான் வுடவே மாட்டேங்குது. ராவும் பகலும் தெறிக்குது."

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவள் மாத்திரையை விட்டிருந்தால் எல்லா மூட்டும் சேர்ந்தல்லவா ஏற வேண்டும்? கை அடங்கியிருக்கிறது, இடது முட்டி அடங்கியிருக்கிறது. மாத்திரை வேலை செய்கிறது. அப்படியென்றால் அவள் பொய் சொல்லவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்றால் இந்த ஒற்றை முட்டிக்குள் இருப்பது வேறு. அது வேறு என்றால் என் மூவாயிரத்து இருநூறு என்ன?

காலையிலிருந்து அவள்மேல் வைத்திருந்த சந்தேகம் மொத்தமும் திரும்பி என்மேல் வந்து விழுந்தது.

லேபுக்குள் ஓடினேன். குழாயில் இன்னும் கொஞ்சம் நீர் இருந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பின்னால் வைத்த காலண்டரில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை, அவ்வளவு கலங்கல். மூவாயிரம் அணுக்கள் இப்படிக் கலக்காது. காலையில் இதே குழாயை இதே கையால்தான் எடுத்தேன். அப்போது நான் பார்க்கவில்லை.

ஒரு சொட்டு எடுத்து அந்த ஊதாத் திரவத்தில் விட்டேன். என் கண் முன்னாலேயே பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி திரிந்தது. அப்போதுதான் படிக்கும் காலத்தில் எழுதிய ஒரு வரி ஞாபகம் வந்தது. மூட்டு நீரில் அமிலம் படக் கூடாது, கட்டியாகிவிடும், உப்புத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். நான் எண்ணாமல் தாண்டிப் போன அந்த நூல்களுக்குள்தான் அணுக்கள் எல்லாம் சிக்கிக் கிடந்திருக்கின்றன. வெளியே உதிர்ந்து கிடந்தவற்றை எண்ணி, இவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உப்புத் தண்ணீரில் கலந்து மறுபடி வைத்தேன். கட்டம் தெரியவில்லை. அவ்வளவு அணுக்கள். இன்னும் நீர்க்கக் கலந்து எண்ணினேன். ஒரு லட்சத்தைத் தாண்டியது. நம்பவில்லை. இன்னொரு தடவை எண்ணினேன். லட்சத்துக்கு மேல்தான். சாயம் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஒரே ஜாதி, சீழில் இருக்கிற அதே வெள்ளை அணுக்கள். கிருமி தெரிகிறதா என்று தனியாக ஒரு சாயம் போட்டுத் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை.

மணி ஒன்று ஐம்பது.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னொரு யோசனையும் வந்தது. முடக்குவாத முட்டியிலும் இதே அணுக்கள்தான் கூட்டம் போடும். சில பேருக்கு ரொம்ப அதிகமாகவும் போடும். கிருமியும் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை. ரத்தம் சரியாக இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. போய்ச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கொடுத்தது தப்பு என்று நானே சொன்ன மாதிரி. அரை நிமிஷம் அப்படி நின்றேன். அந்த அரை நிமிஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. கிருமி இருக்கிற மூட்டுக்குள் அந்த ஊசி போனால், எதிர்க்க வந்திருக்கிற அணுக்களையும் அடக்கிவிடும். மூட்டு அழுகிப் போகும். ரத்தத்தில் ஏறினால் ஆளே போவாள், அதுவும் மலைக்கு மேலே, ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில்.

டாக்டர் அறைக்குள் போனேன். ஊசி மருந்து தட்டில் தயாராக இருந்தது.

"சார், அந்த ஊசிய போடாதீங்க. நான் குடுத்த ரிப்போர்ட் தப்பு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தப்புன்னா?"

"லட்சத்துக்கு மேல இருக்கு சார்."

"மேடம், கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி மூவாயிரம்னீங்க. இப்ப லட்சம்ங்கறீங்க. நான் எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க. நீங்களே வந்து பாருங்க."

"கிருமி தெரிஞ்சுதா?"

"தெரியல. தெரியலங்கறதால இல்லைன்னு சொல்ல முடியாது சார்."

"காய்ச்சல் இல்ல. ரத்தம் நார்மல். நீங்களே குடுத்த ரத்த ரிப்போர்ட்."

"வலி மாத்திரை தின்னுக்கிட்டு இருக்காங்க, காய்ச்சல் எப்படித் தெரியும்? வாராவாரம் நீங்க குடுக்கற மாத்திரை வேற இருக்கு. ரத்தத்துல ஏறலங்கறதால முட்டியில ஒண்ணும் இல்லன்னு ஆயிடாதே சார்."

அவருக்குக் கோபம் வந்தது. ஒரு டெக்னீஷியன் இப்படிப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் எழுந்து வந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அப்புறம் அவர் எதிரிலேயே ஒரு சொட்டை ஊதாத் திரவத்தில் விட்டுக் காட்டினேன். திரிந்தது. மீதி நீர் இருந்த குழாயை வாங்கி வெளிச்சத்தில் தானும் பிடித்துப் பார்த்தார்.

"இது திறந்து வச்ச குழாய். மறுபடி நீர் எடுத்து கிருமி வளர்த்துப் பாக்கணும்" என்றார். "அவங்ககிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன் சார். என் தப்புதானே."

பெஞ்சுக்கு வந்தேன். அண்ணாமலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணாமலை, முட்டியில இருந்து இன்னொரு தடவ நீர் எடுக்கணும்ப்பா."

"மறுபடியுமா? காலையில எடுத்தது இன்னா ஆச்சி?" குரல் உயர்ந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "ஒரு ஊசி முழுக்க எடுத்தீங்க. ரத்தமும் எடுத்தீங்க. இப்ப இன்னும் வேணுமா? இன்னாதான் பண்றீங்க உள்ள?"

காலையில் கேட்ட அதே கேள்வி காசியம்மா கண்ணில் இருந்தது.

ஏதாவது ஒரு பெரிய வார்த்தையைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். முதல் சாம்பிள் கெட்டுப்போச்சு என்று சொன்னால் போதும், யார் கேட்கப்போகிறார்கள்? நான் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"காசியம்மா, நான் தப்பு பண்ணிட்டேன். உன் முட்டி நீரை வேற மருந்துல கலந்துட்டேன். கம்மியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நெஜமா ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. உள்ள சீழ் வச்சிருக்கோன்னு பயமா இருக்குது. நான் எழுதினத நம்பி ஊசி போட்டிருந்தா உன் காலு போயிருக்கும். அதான் மறுபடி கேக்கறேன்."

அண்ணாமலை பையை இறக்கினான். காசியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் புருஷனிடம் திரும்பி, "சொல்லிடலாமா?" என்றாள்.

"ஏய்" என்றான் அவன்.

"அந்தம்மாவே ஒத்துக்கிச்சி. நாம இன்னாத்துக்கு மறைக்கணும்?" சேலையைத் தூக்கி உள்பக்கத்துப் பொருக்கைக் காட்டினாள். "இது முள்ளு இல்லம்மா. ஊசி. போன வாரம் அடிவாரத்துல ஒருத்தரு போட்டாரு. முட்டிக்குள்ளயே போட்டாரு. ரெண்டு நாளு நல்லா இருந்திச்சி. அப்பறம்தான் இப்பிடி ஆயிடிச்சி."

"யாரு அது? டாக்டரா?"

"டாக்டரு இல்லீங்க" என்றான் அண்ணாமலை தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்களுக்குச் சொந்தம். மலையில யாருக்காவது காச்சலுன்னா அவருதான் வண்டி எடுத்துக்கினு வருவாரு. வேற யாரு வர்றாங்க? இங்க சொன்னா போலீசுல புடிச்சிக் குடுத்துடுவீங்கன்னு பயந்தோம்."

எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. காலையில் அவர்கள் மறைக்கிறார்கள் என்று நினைத்தது சரிதான். ஆனால் எதை மறைக்கிறார்கள் என்பதை நானே கற்பனை செய்துகொண்டேன், அது முழுக்கத் தப்பு. காலையிலேயே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பயப்படாதேம்மா, சொல்லு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் கேட்ட விதத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

போய் டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. மறுபடி ஊசி வைத்தார். இந்தத் தடவை நீர் காலையில் வந்ததைவிடக் கெட்டியாக வந்தது. கிருமி வளர்த்துப் பார்க்க ஒரு பங்கை வைத்துவிட்டு, அந்தச் சாயந்திரமே முட்டியைத் திறந்து கழுவினார். இரண்டாம் நாள் கிருமி வளர்ந்திருந்தது. பதினாறு நாள் காசியம்மா மாடியில் படுத்திருந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. முட்டி முழுசாக மடங்கவில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது என்று டாக்டர் சொன்னார். வந்த அன்றைக்குக் காலையிலேயே பிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் மடங்கியிருக்குமோ என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகிற நாளில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு லேபுக்கு வந்தாள். "அந்த வெள்ளை அணுன்னு சொல்றீங்களே, எனக்குக் காட்டறியாம்மா?" என்றாள். அன்றைய அவள் ரத்தத்தையே சாயம் போட்டு வைத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுங்கதான் என் கைய கோணலாக்குனதா?"

"இதுங்கதான்."

"முட்டியில கிருமி வந்தப்ப சண்ட போட்டதும் இதுங்கதானா?"

"ஆமா."

"அப்ப நான் இதுங்கள திட்டறதா, கும்பிடறதா?"

வாரத்துக்கு ஒன்று போடுகிற மாத்திரையை டாக்டர் மறுபடி ஆரம்பிக்கச் சொல்லும் நாளிலிருந்து விடாமல் போடு, காய்ச்சலோ சீழோ வந்தால் மாத்திரையோடு வீட்டில் உட்காராமல் உடனே இங்கே வா என்று மட்டும் சொன்னேன். அவள் போன பிறகு அந்த ஸ்லைடை நானும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த அணு எதற்காக வந்தது என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது. நீங்கள் எவ்வளவு நாள் இந்த வேலையில் இருந்தாலும் எழுதியிருக்காது. அது எங்கேயிருந்து எடுத்தது, யாருடையது, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி நிர்வாகி வந்து, "மொதல் ரிப்போர்ட்ட கிழிச்சிடுங்க, ரெண்டாவது மட்டும் ஃபைல்ல இருக்கட்டும்" என்றார். நான் கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பின் போட்டு, முதலாவதன் மேல் 'தவறு' என்று எழுதித் தேதி போட்டு வைத்தேன். அதற்கு அவர் முகம் சுளித்தார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது வேறு. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் டாக்டர் அறையிலிருந்து முட்டி நீர் வந்தது. சங்கராபுரத்துக்காரர் ஒருவர் பெயரில். எண்ணினேன், பன்னிரண்டாயிரத்து நானூறு. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு குழாய், களமருதூர்க்காரர் பெயரில். எண்ணினேன், பன்னிரண்டாயிரத்து எழுநூறு. நிறமும் அதே. அணுக்களின் விகிதமும் ஏறக்குறைய அதே. எனக்குத்தான் சந்தேகப் புத்தியாயிற்றே. முன்னால் போய்ச் சீட்டுப் போடுகிற பெண்ணிடம் கேட்டேன். களமருதூரிலிருந்து அன்றைக்கு யாருமே வரவில்லை.

டாக்டர் ஒரே முட்டியின் நீரை இரண்டாகப் பிரித்து, இல்லாத ஒரு மனுஷனின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார். என்னைச் சோதிக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். முப்பது வருஷ வேலை, ஒரு தப்பு, அதையும் நானே ஓடிப் போய்ச் சொன்னேன், அதற்கு இதுவா என்று. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். காலையில் எழுந்தபோது வேறு மாதிரி தோன்றியது. நான் சொன்னேன் என்பதற்காக என் கையை அவர் ஏன் நம்ப வேண்டும்? காசியம்மா இடத்தில் இருந்தால் நான் நம்புவேனா?

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. காசியம்மாவுக்குப் பிறகு வீங்கிய மூட்டு எதுவானாலும் டாக்டர் நீர் எடுத்து அனுப்பினார், இரண்டாம் குழாய்களும் வந்துகொண்டே இருந்தன. மாதத்துக்கு இரண்டு, சில மாதம் மூன்று. எது நிஜம், எது பொய்ப் பெயர் என்று எனக்குச் சீக்கிரமே அடையாளம் தெரிந்துபோயிற்று. உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இது முதல் குழாயின் மறுபாதி என்று தெரிந்துவிட்டால், கை தானாக அந்த எண்ணை நோக்கிப் போகும். கண்ணாடியில் ஒரு கட்டத்தின் விளிம்பில் நிற்கிற அணுவைச் சேர்ப்பதா விடுவதா என்ற இடத்தில் மனசு முதல் எண்ணுக்குச் சாதகமாகப் பேசும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதனால் முதல் தாளைக் குப்புறப் போட்டு, மேலே நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒரு தடவை இரண்டுக்கும் நாலாயிரம் வித்தியாசம் வந்தது. திருத்தக் கை துடித்தது. திருத்தாமல் அனுப்பினேன். ஏன் வந்தது என்று தேடினேன். இரண்டாம் குழாயை நான் சரியாகக் குலுக்கவில்லை. அந்தச் சோதனை இல்லாவிட்டால் அது எனக்குத் தெரியவே போவதில்லை.

ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒரு மாதம் இரண்டாம் குழாய் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்குப் பயம் வந்தது. குழாயைக் குலுக்கும்போது போதுமா என்று தோன்றும், போதும் என்று நானே சொல்லிக்கொள்வேன். இல்லை என்று சொல்ல ஆள் இல்லை.

ஒரு நாள் மதியம் டாக்டர் அறையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனேன்.

"சார், இப்பல்லாம் ரெண்டாவது குழாய் வர்றதில்லையே?"

அவர் முகம் சிவந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேக்கற நிலைமையில நான் இல்லையே சார். ஏன் நிறுத்திட்டீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கி, சிரிக்கப் பார்த்தார். "நம்பிக்கை வந்துடுச்சு மேடம்."

"எனக்கு வரல சார்" என்றேன். "அனுப்புங்க."